வலென்சியாவில் நாலு நாள்: மாமியார், எட்டு வயசுப் பையன், அக்டோபர் கடைசி. திட்டம் சரிதானா?

நீலாம்பரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் இருக்கோம். அக்டோபர் கடைசி வாரம் பையனுக்கு லீவு. ஸ்பெயினில் கடலோரமா ஒரு ஊருக்குப் போகணும்னு தேடினதில் வலென்சியா டிக்கெட் கட்டுப்படியாகிற விலையில் இருக்கு. இன்னும் போடலை. கூட வர்றது கணவர், எட்டு வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

இப்போதைக்கு யோசிச்சிருக்கிறது: வெள்ளி மதியம் போய் இறங்கி, சாயங்காலம் பழைய நகரம். சனிக்கிழமை ரயிலில் பார்சலோனா போய் சக்ரதா ஃபமிலியா தேவாலயம் பார்த்துட்டு ராத்திரி திரும்பறது. ஞாயிறு மத்திய மார்க்கெட், கதீட்ரல், பிறகு அந்த வெள்ளை வெளேர்னு இருக்கிற அறிவியல் நகரம், மீன் காட்சியகம். திங்கள் பீச், அல்புஃபெரா ஏரி, ராத்திரி ஏழு மணிக்கு பாயேயா, அதான் அந்த ஊர் அரிசிச் சாப்பாடு. செவ்வாய் காலை ஃபிளைட். ஓட்டை இருந்தா சொல்லுங்க.

ரயில்பைத்தியம்:
ஓட்டை இருக்கான்னு கேட்டீங்க, சல்லடையே இருக்கு. கோச்சுக்காதீங்க 😀

பார்சலோனாவுக்கு வேக ரயிலிலேயே ஒரு வழிக்கு மூணு மணி நேரம் வெச்சுக்கணும். போக வர ஆறு. முழங்கால் வலியோட ஒருத்தரையும் எட்டு வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு, ஒரே கோயிலைப் பார்க்க ஆறு மணி நேரம் ரயிலில் உட்காரணுமா? மத்திய மார்க்கெட் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். மத்த நாளிலும் மதியம் மூணு மணியோட சரி. ஏழு மணிக்குப் போய் பாயேயா கேட்டா அடுப்பே பத்த வெச்சிருக்க மாட்டாங்க.

ரயில் ஆசை இருந்தா எஸ்தாசியோ தெல் நோர்த் ஸ்டேஷனுக்குள்ளே சும்மா நுழைஞ்சு பாருங்க. 1917-ல் திறந்தது. முகப்பு முழுக்க ஆரஞ்சுப் பழமும் பூவும் பீங்கானில் செஞ்சு பதிச்சிருக்கும். உள்ளே பழைய டிக்கெட் கூடத்துச் சுவரில் பல மொழியில் ‘பயணம் நல்லபடி அமையட்டும்’னு மொசைக்கில் எழுதியிருப்பாங்க. காசு கிடையாது. ஆனா மட்ரிட், பார்சலோனா வேக ரயிலெல்லாம் பக்கத்தில் இருக்கிற ஹோவாகின் சொரோயா ஸ்டேஷன்லேர்ந்துதான். ரெண்டையும் குழப்பிக்கிட்டு ரயிலைக் கோட்டை விட்டவங்க நிறைய.

எதிர்க்காற்று:
நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். அவ்வளவு தூரம் போய்விட்டு கட்டடக் கலைஞர் காவுடியின் அந்தக் கோயிலைப் பார்க்காமல் வருவதா? 1882-ல் தொடங்கிய கட்டுமானம். காலை நேரத்தில் கிழக்குப் பக்கக் கண்ணாடி வழியாக நீலமும் பச்சையுமாக, மாலையில் மேற்குப் பக்கத்திலிருந்து சிவப்பும் ஆரஞ்சுமாக வெளிச்சம் விழும். அதற்கு ஈடாக வலென்சியாவில் ஒன்றும் கிடையாது. அறிவியல் நகரத்தில் கலத்ராவா வடிவமைத்த வெள்ளைக் கட்டடங்கள் படத்தில்தான் அழகு, நேரில் வெயிலில் கண் கூசும். விமானத்தையே பார்சலோனாவுக்குப் போட்டுவிடுங்கள் என்பேன்.

ரயில்பைத்தியம்:
பார்சலோனாவுக்கே போறதுன்னா அது வேற பயணம், நானும் ஆதரவு. ரெண்டையும் நாலு நாளில் அடைக்கிறதைத்தான் வேண்டாம்ங்கிறேன். தவிர அங்கே கூட்டம், பிக்பாக்கெட், முன்கூட்டி நேரம் போட்டு டிக்கெட் எடுக்காட்டி வாசலோட திரும்பற கதை எல்லாம் இருக்கு. வலென்சியா சமதளம். வயசானவங்களோட போக அதைவிட சௌகரியமான பெரிய ஊர் ஸ்பெயின் கடற்கரையில் சொல்லுங்க பார்ப்போம்.

எதிர்க்காற்று:
சமதளம் என்பது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி வெளிச்சம் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

சாம்பார்சட்டி:
நீலா, சாப்பாட்டு விஷயம் நான் சொல்றேன், நானும் அதே சைவ கேஸ்தான்.

முதல்ல பாயேயா. வலென்சியா பாயேயான்னா கோழி, முயல், பட்டை பீன்ஸ், கர்ரொஃபோன்னு ஒரு பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ. சில வீட்டில் நத்தையும் விழும். கடல் மீன் போட்டது வேற வகை. நமக்கு ‘பாயேயா தெ வெர்துராஸ்’, அதாவது காய்கறி போட்டது. பேரைக் கேட்டு நம்பிடாதீங்க. அரிசியை வேகவைக்கிற சாறு கோழிச் சாறா மீன் சாறான்னு கேட்கணும். ‘எல் கால்தோ எஸ் தெ வெர்துராஸ்?’ன்னு கேளுங்க. முகத்தைச் சுளிச்சாலோ யோசிச்சாலோ எழுந்துடுங்க. இன்னொண்ணு, ‘சின் கார்னே’ (கறி இல்லாம) ன்னு மட்டும் சொன்னா ஹமோனை, அதான் உப்புப் போட்டுப் பதப்படுத்தின பன்றித் தொடையை, பொடியா நறுக்கி மேலே தூவிக் கொண்டு வந்து வைப்பாங்க. அவங்க கணக்கில் அது கறியே இல்லை! ‘நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்’னு, அதாவது கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம்னு, மூணையும் சேர்த்துச் சொல்லணும்.

இது மத்தியானச் சாப்பாடு. ரெண்டு மணிக்கு உட்கார்ந்தா நாலு மணி வரை. ஒரு ஆளுக்குச் செய்ய மாட்டாங்க, குறைஞ்சது ரெண்டு பேருக்கு. ஆர்டர் கொடுத்த பிறகுதான் அரிசியே சட்டியில் விழும், அரை மணிக்கு மேல ஆகும். அதனால முன்னாடியே போன் போட்டு இடமும் சட்டியும் சொல்லி வெச்சிடுங்க. அடியில் பிடிச்ச காந்தலை ‘சொக்கர்ராத்’ன்னு சொல்லி மரக்கரண்டியால சுரண்டிச் சண்டை போட்டுச் சாப்பிடுவாங்க. அத்தைக்கு அது பிடிக்கும், எழுதித் தர்றேன்.

முட்டை கிடையாதுன்னா தொர்த்தியா வேண்டாம், அது உருளைக்கிழங்கும் முட்டையும்தான். அயோலிங்கிற பூண்டுச் சாந்திலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். வறுத்த உருளைக்கிழங்கு வாங்கினா சாஸைத் தனியா கேளுங்க. காலையில் தக்காளி தேய்ச்ச ரொட்டி, ஆலிவ் எண்ணெய் ஊத்தி. அது எங்கேயும் கிடைக்கும். ராத்திரிக்கு ருசாஃபா பக்கம் சைவ உணவகங்கள் இருக்கு. ஆனா எட்டரைக்கு முன்னாடி கதவு திறக்க மாட்டாங்க. பையன் அதுவரைக்கும் தாங்க மாட்டான், பையில் ஏதாவது வெச்சுக்கோங்க.

ஒர்சாத்தா கட்டாயம். கோரைப் புல் வகையில் ஒரு சின்னக் கிழங்கு, சூஃபான்னு பேரு, அதை ஊறவெச்சு அரைச்சு வடிகட்டின வெள்ளைப் பானம். பால் துளி கிடையாது. கூடத் தர்ற நீள ரொட்டி, ஃபர்த்தோன், அதில் முட்டை இருக்கும். அத்தைக்கு வேண்டாம், பையனுக்குக் கொடுங்க. நகரத்துக்குள்ளேயே சாந்தா கதலீனா கோபுரத்துப் பக்கம் பழைய கடைகள் இருக்கு. நேரம் இருந்தா மெட்ரோவில் அல்போராயாவுக்கே போயிடுங்க, சூஃபா விளையிற ஊர்.

நீலாம்பரி:
சாம்பார்சட்டி அக்கா, கோடி நன்றி. அந்த மூணு ‘நி’யையும் அட்டையில் எழுதி அத்தை கையில் கொடுத்துடறேன். பார்சலோனாவை எடுத்தாச்சு, கணவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். காலியான சனிக்கிழமையில் என்ன போடலாம்?

கல்லணைக்காரர்:
அம்மா, நான் பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் ஸ்பெயினில் இருப்பதால் அந்த ஊர் பழக்கம். சனிக்கிழமையைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். முடிந்தால் பயணத்தையே முன்னுக்குத் தள்ளி, புதன் இரவு போய் இறங்குங்கள். காரணம், வியாழன் பகல் பன்னிரண்டு மணி.

கதீட்ரலின் பின்பக்கம், பிளாசா தெ லா விர்ஹென் சதுக்கத்தைப் பார்த்தபடி அப்போஸ்தலர் வாசல் இருக்கிறது. அந்த வாசற்படிக்கு வெளியே, தெருவில், இரும்பு வேலி போட்டு எட்டு மரநாற்காலிகளை வட்டமாக வைப்பார்கள். மிகேலெத்தே கோபுர மணி பன்னிரண்டு அடிக்கும்போது கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். இதுதான் தண்ணீர் நீதிமன்றம். சட்டம் படித்தவர் ஒருவரும் கிடையாது, எல்லாரும் நிலத்தில் இறங்கி வேலை செய்யும் விவசாயிகள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கும் ஆளுக்கு ஒருவராக அந்தந்த ஆயக்கட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். ஊழியர் ஒருவர் பித்தளைக் கொக்கி பொருத்திய கோலுடன் எழுந்து ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லி, ‘குவார்த் வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள்!’ என்று வலென்சிய மொழியில் கூவுவார். யாரும் முன்வராவிட்டால் அடுத்த வாய்க்கால். பல வாரங்களில் வழக்கே இருக்காது, சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார்கள். கூடியிருக்கும் சுற்றுலாக்காரர்கள் ‘இவ்வளவுதானா’ என்று முணுமுணுப்பார்கள்.

எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை. வழக்கு வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் அந்தச் சில நிமிடமே போதும். முறை தப்பித் தண்ணீர் பாய்ச்சினது, மதகைச் சேதப்படுத்தினது, அடுத்தவன் வயலில் தண்ணீரை வழியவிட்டது, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டது, இவைதான் குற்றங்கள். வாதம் எல்லாம் வாய்ப்பேச்சு, வக்கீல் கிடையாது. யார் பேச வேண்டும் என்பதைத் தலைவர் கையால் காட்டமாட்டார், காலை நீட்டிக் காட்டுவார். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வாய்க்காலைச் சேர்ந்தவரோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். தீர்ப்பு அங்கேயே, அப்போதே. மேல்முறையீடு கிடையாது. முஸ்லிம் ஆட்சிக்காலத்தில் வேர் விட்டது, 1238-ல் முதலாம் ஜாவுமே மன்னர் ஊரைப் பிடித்த பிறகும் அப்படியே தொடர விடப்பட்டது. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முறைத்தண்ணீருக்காகக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நாள் கணக்காக நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்த எட்டு நாற்காலியைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதே சதுக்கத்தில் நீரூற்று ஒன்று. நடுவில் சாய்ந்து படுத்திருக்கும் ஆண் துரியா ஆறு, சுற்றி நிற்கும் எட்டுப் பெண்கள் எட்டு வாய்க்கால்கள். உங்கள் பையனிடம் எண்ணச் சொல்லுங்கள்.

வியாழன் விடுமுறை நாளாக வந்தால் புதன்கிழமையே கூடிவிடுவார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குருவி:
கல்லணைக்காரர் ஐயா, அந்த ஆற்றையே இப்ப காணோமே, அதையும் சொல்லுங்க!

கல்லணைக்காரர்:
ஆமாம், அதுதான் அந்த ஊரின் பெரிய கதை. 1957 அக்டோபர் 14-ல் துரியா பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காய்ந்த பழைய படுகையில் விரைவுச் சாலை போட அரசு திட்டமிட்டது. ‘படுகை எங்களுடையது, பசுமையாகவே வேண்டும்’ என்று மக்கள் எதிர்த்து நின்றார்கள், 1970-களில் அது நடந்தது. இன்று ஒன்பது கிலோமீட்டர் போல நீளும் பூங்கா. மேலே பழைய கல்பாலங்கள் அப்படியே நிற்க, அடியில் ஆரஞ்சு மரமும் சைக்கிள் பாதையும். மாமியாரைக் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் இல்லை, நிழலும் பெஞ்சும் தாராளம். அறிவியல் நகரம் இந்தப் படுகையின் கீழ்க்கோடியில்தான் இருக்கிறது. வழியில் குலிவர் பூங்கா வரும். எழுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு பூதாகாரமான மனிதன் மல்லாந்து கிடப்பான், கை, கால், சட்டை மடிப்பு எல்லாம் சறுக்குமரம். கட்டணம் இல்லை. பையனை அங்கே இறக்கிவிட்டால் திரும்ப மேலே ஏற்றுவது உங்கள் பாடு.

பாரிஸ்வாசி:
வணக்கம் நீலாம்பரி. நாங்கள் பாரிசில இருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் அந்தப் பக்கம் போறனாங்கள். ஒருத்தரும் மழையைப் பற்றிக் கதைக்கேல்லை, அதுதான் எழுதுறன்.

ஒக்டோபர் வலென்சியாவில நல்ல காலம்தான், சூடும் அளவு, கடலிலும் குளிர் இன்னும் ஏறாது. ஆனால் அந்த மாதத்திலதான் ‘கோத்தா ஃப்ரீயா’ எண்டு சொல்லுற மழையும் வாறது. மேல குளிர்ந்த காற்று, கீழ கோடை முழுக்கச் சூடேறின மத்தியதரைக் கடல், ரெண்டும் மோதி ஒரே நாளில ஒரு வருசத்து மழை கொட்டலாம். 2024 ஒக்டோபர் 29 ஞாபகம் இருக்கும்தானே? 200க்கு மேல சனம் செத்தது, கூடுதலா தெற்குப் பக்கத்து ஊர்களில, பைபோர்த்தா போன்ற இடங்களில. நகரத்தின்ர நடுப்பகுதி தப்பினது, கல்லணைக்காரர் சொன்ன அந்தப் புதுக் கால்வாயாலதான். பயப்படுத்த எழுதேல்லை. ஏமெத் எண்டுற வானிலை நிலையத்தின்ர எச்சரிக்கையை ஒவ்வொரு நாளும் காலமை பாருங்கோ. சிவப்பு எண்டால் அறையை விட்டு வெளிக்கிடாதேங்கோ. தொலைபேசியில எச்சரிக்கை அலறினால் நிலக்கீழ் கார் தரிப்பிடத்துக்கு இறங்காதேங்கோ, அங்கதான் கனபேர் மாட்டினவை.

மற்றது அல்புஃபெரா. கடற்கரைக்கு ஒரு நேரம், ஏரிக்கு ஒரு நேரம் எண்டு பிரியுங்கோ. ஏரி பத்து கிலோமீற்றர் தெற்கால. எல் பால்மார் எண்ட ஊருக்கு நகர பஸ்ஸே போகுது. அரிசி அறுவடை செப்டம்பரில துடங்கி நீங்கள் போகேக்க முடிஞ்சிருக்கும், பச்சை வயலை எதிர்பாராதேங்கோ. வள்ளத்தில பின்னேரம் ஏறுங்கோ, சூரியன் ஏரிக்குள்ள இறங்குறதைப் பாக்கத்தான் எல்லாரும் போறது. ஒண்டு கவனம்: ஒக்டோபர் கடைசி ஞாயிறோட மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவினம். அதுக்குப் பிறகு ஆறு மணி போல இருட்டிப் போகும். நேரத்தோட போனால்தான். நுளம்பு எண்ணெய் கொண்டு போங்கோ.

எதிர்க்காற்று:
எல் பால்மாரில் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு படகு ஏறினால் ஒரே போக்கில் இரண்டு வேலை முடியும். (பார்த்தீர்களா, நானும் உருப்படியாகச் சொல்வேன்.)

சாம்பார்சட்டி:
அது சரி, ஆனா எல் பால்மார் விலாங்கு மீனுக்குப் பேர் போன ஊர். சைவச் சட்டியை முதல் நாளே போனில் சொல்லி வெச்சாதான் நடக்கும்.

விசாவேதாளம்:
மன்னிக்கணும், எல்லாரும் பாயேயாவில் இருக்கீங்க. நான் விரும்பத்தகாத கேள்வி கேட்கிறேன். மாமியார் ஊரிலிருந்து வந்திருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. இந்திய பாஸ்போர்ட், இங்கிலாந்து விசிட் விசாவா? அப்படின்னா ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, தனியா வேணும். அதைப் பொதுவா வசிக்கிற நாட்டில்தான் விண்ணப்பிக்க முடியும், அதாவது இந்தியாவில். சுற்றிப் பார்க்க வந்த இடத்திலிருந்து விண்ணப்பிச்சா, ஏன் ஊரிலேயே செய்யலைங்கிறதுக்கு வலுவான காரணம் காட்டணும். பெரும்பாலும் வாங்க மாட்டாங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதைத் தீர்த்துக்கோங்க.

நீங்க மூணு பேரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா இருந்தா விசா வேண்டாம். ஆனா 2025 அக்டோபரில் ஆரம்பிச்ச புது எல்லைப் பதிவு முறையில் முதல் தடவை போட்டோவும் கைரேகையும் எடுப்பாங்க. பன்னிரண்டு வயசுக்குக் கீழே கைரேகை இல்லை, போட்டோ மட்டும். இறங்கின இடத்தில் வரிசைக்கு நேரம் ஒதுக்கிக்கோங்க.

நீலாம்பரி:
வேதாளம் அண்ணா, நல்லவேளை கேட்டீங்க. அத்தை போன வருஷம் மகள் வீட்டுக்கு ஜெர்மனி போறதுக்காகச் சென்னையிலேயே ஷெங்கன் எடுத்தாங்க, பல முறை போய் வரும்படி கொடுத்திருக்காங்க. தேதி டிசம்பர் வரைக்கும் இருக்கு. பார்த்துட்டேன்.

விசாவேதாளம்:
அப்போ தப்பிச்சீங்க. உள்ளே தங்க அனுமதிச்ச நாட்கள் இன்னும் மீதி இருக்கான்னு மட்டும் ஸ்டிக்கரில் பாருங்க. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாம, இந்தத் தேதிகளுக்குப் புதுசா எடுத்துக் கையில் வெச்சுக்கோங்க. எல்லையில் கேட்டாலும் கேட்பாங்க.

நீலாம்பரி:
சரி, மாத்திட்டேன். பாருங்க.

புதன் ராத்திரி இறங்கல், மெட்ரோவில் ஷாதிவா ஸ்டேஷன், அங்கேயே பக்கத்தில் அறை. வியாழன் காலை மார்க்கெட், எதிரே லோன்ஹாங்கிற பழைய வணிகர் மண்டபம், பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நீதிமன்றம், பிறகு சாப்பாடு, ரெஸ்ட். வெள்ளி முழுக்க மீன் காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும். சனி காலை துரியா பூங்கா, குலிவர். மதியம் எல் பால்மாரில் சாப்பாடு, சாயங்காலம் படகு. ஞாயிறு கதீட்ரல், டிராமில் மல்வரோசா பீச். ராத்திரி ஃபிளைட்.

ரயில்பைத்தியம்:
இப்பதான் மனுஷங்க போற திட்டம் மாதிரி இருக்கு. விமான நிலையத்திலிருந்து மூணாம் நம்பர், அஞ்சாம் நம்பர் ரெண்டு மெட்ரோவும் ஷாதிவா போகும். ஊருக்குள் சுத்தற டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது, அந்த மண்டலத்துக்குக் கூடுதல் கட்டணம். அறை எல் கார்மென் பகுதியில் மட்டும் வேண்டாம், விடிய விடியக் கச்சேரி.

ஒரு சின்ன மாற்றம்: லோன்ஹாவை ஞாயிறுக்குத் தள்ளினா இலவசம். நகராட்சி நினைவிடங்கள் பலதுக்கு ஞாயிறு காசு கிடையாது, செர்ரானோஸ் கோபுர வாசலும் சேர்த்து.

கல்லணைக்காரர்:
சில யூரோவுக்காக லோன்ஹாவை மார்க்கெட்டிலிருந்து பிரிக்காதீர்கள். தெருவைக் கடந்தால் எதிரே இருக்கிறது. 1482-ல் தொடங்கிய பட்டு வணிகர் மண்டபம். முறுக்கிய தூண்கள் ஒவ்வொன்றும் கயிறு திரித்தது போல மேலே போய் கூரையில் விரியும். வியாபாரிகள் உட்கார்ந்து விலை பேசிய இடம். காய்கறிக் கூச்சலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால்தான் அந்த உயரம் தெரியும்.

ரயில்பைத்தியம்:
ஐயா சொன்னா சரி. வாபஸ்.

மழைக்குருவி:
மீன் காட்சியகத்தைக் காலையில் திறந்ததும் போயிடுங்க. நிலத்தடியில் கண்ணாடிச் சுரங்கம், தலைக்கு மேலே சுறா. பையன் நகரமாட்டான். பெலுகா திமிங்கலம் இருக்கு. 2024 ஜூனில் போர் நடக்கிற கார்கிவ் நகரத்திலிருந்து ரெண்டு பெலுகாவை லாரியிலும் விமானத்திலுமா கொண்டுவந்து இங்கேதான் விட்டாங்க. அந்தக் கதையை முன்னாடியே பையனுக்குச் சொல்லி வைங்க. இடம் பெரிசு, அத்தைக்கு சக்கர நாற்காலி கேட்டுப் பாருங்க. அறிவியல் அருங்காட்சியகத்தில் ‘தொடாமல் இருக்கக் கூடாது’ங்கிறதுதான் விதி, அதனால அங்கே அவனைப் பிடிச்சு இழுக்க வேண்டியதில்லை.

கதீட்ரல் மணிக்கோபுரம் 207 படி, சுழல் படிக்கட்டு, லிஃப்ட் இல்லை. அத்தையும் நீங்களும் கீழே உட்கார்ந்து ஒர்சாத்தா குடிங்க. அப்பாவும் பையனும் ஏறிட்டு வரட்டும்.

நீலாம்பரி:
அத்தைகிட்ட இந்த இழை முழுக்கப் படிச்சுக் காட்டினேன். கேட்ட ஒரே கேள்வி: ‘அந்த எட்டுப் பேரில் பொம்பளை யாராவது உண்டா?’ கல்லணைக்காரர் ஐயா, பதில் சொல்லுங்க.

கல்லணைக்காரர்:
நான் பார்த்தபோதெல்லாம் ஆண்கள்தான், அம்மா. நீரூற்றில் மட்டும்தான் எட்டும் பெண்கள். உங்கள் மாமியார் நேரில் போய்க் கேட்கட்டும். தலைவர் எந்தக் காலை நீட்டுகிறார் என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.